டிக்... டிக்... கேட்கிறதா கண்ணா?

நடுக்கூடத்திலிருந்து...



இந்தத் தடவை ஊறுகாய் போடுவதைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். எலுமிச்சங்காய் கொஞ்சம் காத்திருக்கட்டும். அதைவிட அவசரமான சமாசாரம் ஒன்று எங்கள் தெருவிலேயே நடந்துவிட்டது. கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். பேரன் பேத்தி எடுத்தவர்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும்!

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெண். என்னை 'மாமி' என்றுதான் கூப்பிடுவாள். பிறந்த வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். புகுந்த வீட்டுக்காரர்களும் அதே ஜனந்தான். ஆனால் மூன்று தலைமுறையாகத் திருச்சியிலே இருந்து அவர்களுக்குத் தமிழே பழகிப் போய்விட்டது. அவளுக்கு ஒரே பிள்ளை. இரண்டரை வயசு. துறுதுறுவென்று இருப்பான். கொல்லையில் கோழி மாதிரி ஓடுவான். ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை. 'ம்மா', 'தா', 'போ'... இந்த மூன்று நாலு வார்த்தைக்கு மேல் நகரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"மாமி, அவருக்கு ஓசூருக்கு மாத்தலாயிடுச்சு. அடுத்த மாசம் போகணும்."

"நல்ல ஊர்தானேம்மா. வெயில் கிடையாது. ரோஜாப்பூ மலிவு. அழறதுக்கு என்ன இருக்கு?"

"அங்க தமிழ், தெலுங்கு, கன்னடம்னு மூணும் பேசுவாங்களாமே! ஏற்கெனவே நான் தெலுங்கு பேசிப் பேசித்தான் குழந்தைக்குக் குழப்பமாகி வாய் திறக்கலைன்னு எல்லாரும் சொல்றாங்க. விளையாட்டுப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவும் 'வீட்ல ஒரே பாஷை பேசுங்க'ன்னுட்டாங்க. ஒரு மாசமா நான் அவன்கிட்ட தெலுங்கே பேசறதில்ல மாமி. தாலாட்டுகூடப் பாடறதில்ல. எங்க அம்மா என்கிட்ட பேசின பாஷைல என் குழந்தைகிட்ட நான் பேசக்கூடாதா?"

அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்துவிட்டது. பெற்ற தாய் தன் வாய்க்கே பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாள்! அதுவும் குழந்தையின் நன்மைக்கு என்று நம்பிக்கொண்டு! அவள் மாமியாரும் கெட்டவர் இல்லை. என்னைவிட மூத்தவர், நல்ல மனுஷி. பேரன் பேச வேண்டுமே என்கிற ஆதங்கத்தில் சொன்னதுதான்.

கடிகாரம் செய்கிற ஊர்

முதலில் அவள் மனசை வேறு பக்கம் திருப்பலாம் என்று ஓசூரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பெங்களூருக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர் இப்பால், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிற ஊர். ஊருக்குள்ளே ராமநாயக்கன் ஏரி. மலைமேலே சந்திர சூடேஸ்வரர் கோயில். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது. காய்கறிக்காரி ஒரு பாஷையில் விலை சொல்வாள், வாங்குகிறவள் இன்னொரு பாஷையில் பேரம் பேசுவாள். இரண்டு பேருக்கும் புரிந்துவிடும்!

இந்த ஊரில்தான் டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984-இல் டைட்டன் வாட்ச் கம்பெனியைத் தொடங்கின. 1987-இல் வாட்சுகள் கடைக்கு வந்தன. வாட்ச் வேலை தெரிந்த ஆட்கள் அங்கே யார் இருந்தார்கள்? ஒருவரும் இல்லை. பள்ளிப் படிப்பு முடித்த பதினேழு, பதினெட்டு வயசுப் பிள்ளைகளைத் தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில் இருந்தெல்லாம் தேடி எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். முதல் தடவையாக வீட்டை விட்டு வந்த பிள்ளைகள் ஏங்கிவிடக் கூடாதே என்று, பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோர் மாதிரி உள்ளூர்ப் பெரியவர்களையும் ஏற்பாடு செய்தார்கள். மாற்றுத் திறனாளிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். அப்படிப் பயின்ற ஊர், 2002-இல் மூன்றரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வாட்ச் செய்து காட்டியது. அதன் உள்ளே இருக்கிற இயந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர்தான்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990-களில் மைராடா என்கிற தொண்டு நிறுவனத்தின் உதவியோடு சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள் சேர்ந்து 'மெடோ' என்று ஒரு நிறுவனமே நடத்த ஆரம்பித்தார்கள். வாட்சின் உலோகப் பட்டைகளைக் கண்ணி கண்ணியாகக் கோர்ப்பது போன்ற வேலைகளைத் தொழிற்சாலைக்குச் செய்து கொடுத்தார்கள். காடு கழனியிலே களை எடுத்த கைகள்! பூ தொடுக்கிற விரல்களுக்கு வாட்ச் கண்ணி கோர்க்க வராதா என்ன?

இரண்டு பெயர் உள்ள ஊர்

கடிகாரம் என்றால் சுவிட்சர்லாந்து என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அங்கே ஓசூருக்கு அக்கா மாதிரி ஒரு ஊர் இருக்கிறது. ஜூரா மலை அடிவாரத்தில், ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. ஜெர்மன் மொழி பேசுகிறவர்கள் அதை 'பீல்' என்பார்கள். பிரெஞ்சு பேசுகிறவர்கள் 'பியென்' என்பார்கள். எதை விட்டுக் கொடுப்பது? இரண்டையும் சேர்த்து 'பீல்/பியென்' என்றே 2005 முதல் அதிகாரப்பூர்வமாகப் பெயர் வைத்துக்கொண்டுவிட்டார்கள். தெருப் பலகையில் இரண்டு மொழியும் இருக்கும். பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேர் ஜெர்மன்காரர்கள், நாலு பேர் பிரெஞ்சுக்காரர்கள்.

ஒமேகா வாட்ச் கம்பெனி 1880-இல் இந்த ஊருக்குத்தான் வந்தது. அதற்கும் முன்னாலிருந்தே அந்த மலைப் பக்கத்துக் குடியானவர்கள் பனிக்காலத்தில் நிலத்தில் வேலை இல்லாதபோது, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாட்ச் பாகங்கள் செய்து கொடுப்பார்களாம். பெண்களும்தான். நம் திருச்சிப் பக்கத்தில் வீட்டு வாசலில் சக்கரத்தை வைத்துக்கொண்டு செயற்கை வைரக்கல் பட்டை தீட்டின குடும்பங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்! வாட்சில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருக்கிறதே, அவைகூடச் செயற்கைச் சிவப்புக் கற்கள்தான். சக்கரத்தின் அச்சு தேயாமல் சுழல்வதற்காக வைக்கிறார்கள்.

1969 டிசம்பரில் ஜப்பானின் சீகோ கம்பெனி பாட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி கொடுக்கிற வாட்சுக்குச் சனி பிடித்தது. 1970-இல் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழில், பதினைந்தே வருஷத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப் போயிற்று. எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்திருக்கும்! பிறகு 1983-இல் வெறும் 51 பாகங்களே கொண்ட பிளாஸ்டிக் 'ஸ்வாட்ச்' வந்துதான் தொழில் நிமிர்ந்தது. அந்தக் கம்பெனிக்கு இன்றைக்கும் தலைமையகம் பீல்தான்.

நான் அந்தப் பெண்ணிடம் முக்கியமாகச் சொன்னது வேறு. அந்த ஊரில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. கடையிலோ தெருவிலோ இரண்டு பேர் சந்தித்தால், யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவருடைய மொழியிலேயே மற்றவரும் பதில் சொல்ல முயல்வார். எவ்வளவு நாகரிகம் பாருங்கள்! இரண்டு மொழியைக் கேட்டு வளர்ந்த அந்த ஊர்க் குழந்தைகள் எல்லாம் ஊமையாகவா போய்விட்டார்கள்? அவ்வளவு தூரம் எதற்கு? நம் ஓசூர்ப் பிள்ளைகள், கோயமுத்தூர், மதுரைப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் வெளியிலே தமிழ் பேசவில்லையா?

"இரண்டு பாஷை கேட்டால் குழந்தைக்குப் பேச்சு வராது" என்பது தவறான எண்ணம். இதை ஆராய்ந்தவர்கள் தெளிவாகவே சொல்கிறார்கள். இரு மொழிக் குழந்தையும் ஒரு மொழிக் குழந்தையைப் போல அதே வயசில்தான் பேச ஆரம்பிக்கும். ஆனால் எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும். தமிழில் இருபத்தைந்து, தெலுங்கில் இருபத்தைந்து என்றால் கணக்கு ஐம்பது! ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசினாலும் அது குழப்பம் இல்லை. கையில் கிடைத்த கரண்டியால் கிளறுகிறது, அவ்வளவுதான்.

என் பழைய வாட்ச்

இதெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது பையன் என் மடியில் ஏறி, என் கையில் இருந்த வாட்சைப் பிடித்து இழுத்தான். என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்த எச்.எம்.டி. வாட்ச். எங்கள் காலத்தில் அது கிடைப்பதே அபூர்வம். சீட்டுக் கட்டிய மாதிரி பேர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. 'தேசத்தின் நேரம் காப்பவர்' என்று விளம்பரம் செய்வார்கள். 2016-இல் அந்தக் கடிகார நிறுவனத்தை மூடிவிடுவது என்று மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. என் வாட்ச் மட்டும் இன்னும் ஓடுகிறது! தினம் காலையில் காப்பி குடித்ததும் சாவி கொடுப்பேன்.

என் பேத்தி இரண்டு வயசாக இருக்கும்போது இந்த வாட்சைக் காதில் வைத்தால் போதும். டிக்டிக்டிக் என்று கேட்டுக் கண்ணை அகல விரித்துச் சிரிப்பாள். பழைய வாட்சுகள் பெரும்பாலும் மணிக்கு 18,000 தடவை துடிக்கும். அதாவது ஒரு விநாடிக்கு ஐந்து 'டிக்'. குழந்தைகளுக்கு அது ஒரு வேடிக்கை.

அந்த ஞாபகத்தில், பையன் காதில் வாட்சை வைத்து, "டிக் டிக் கேட்கிறதா கண்ணா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தான்.

இன்னொரு காதில் வைத்தேன். வாட்சின் தங்க முலாம் பட்டையைத்தான் பிடுங்கப் பார்த்தானே தவிர, சத்தத்தைக் கவனிக்கிற குறி முகத்தில் இல்லை. சரி என்று அவன் முதுகுப் பக்கம் போய் மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கொஞ்சம் குரலை உயர்த்தினேன். திரும்பினான்!

எனக்கு நெஞ்சு திக்கென்றது.

"ஏம்மா, குழந்தைக்குக் காது பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"காதெல்லாம் நல்லா கேட்குது மாமி! கோயில் மணி அடிச்சா திரும்பறான். மிக்ஸி போட்டா ஓடி வந்து காலைக் கட்டிக்கறான்."

சகோதரிகளே, இந்த இடத்தில்தான் நாம் எல்லோரும் ஏமாந்து போகிறோம். கோயில் மணியும் மிக்ஸியும் பெரிய சத்தம். பேச்சு அப்படி அல்ல. 'ச', 'த', 'ப' என்று மெல்லிய எழுத்துக்கள் எத்தனை! பெரிய சத்தம் கேட்டு, சின்னச் சத்தம் கேட்காமல் போனால், குழந்தை ஓடும், ஆடும், மணிக்குத் திரும்பும். பேச்சு மட்டும் வராது. நாமோ 'பிடிவாதம்', 'ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்', 'அப்பாவும் நாலு வயசில்தான் பேசினார்', 'இரண்டு பாஷை' என்று ஏதாவது ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்வோம்.

டாக்டர் சொன்னது

அந்த வாரமே காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டினார்கள். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது என்றார்.

அது என்ன? செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. அங்கே காற்று இருக்க வேண்டும். அந்த அறையில் இருந்து தொண்டையின் பின்பக்கம் வரை ஒரு மெல்லிய குழாய் போகிறது. காற்று போய்வர அதுதான் வழி. குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் படுக்கை வாட்டமாகவும் இருப்பதால், ஜலதோஷம் பிடித்தால் சுலபமாக அடைத்துக்கொள்ளும். அறைக்குள் பிசின் மாதிரி நீர் தேங்கிவிடும். அப்போது சத்தம் எல்லாம் மங்கலாகிவிடும். காவிரியில் முங்கிக்கொண்டு கரையில் பேசுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அப்படி! பெரும்பாலும் வலி இருக்காது, சீழ் வடியாது. அதனால்தான் தெரிவதில்லை. சின்னக் குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் குறைவதற்கு மிகச் சாதாரணமான காரணமே இதுதான்.

இது பல குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். அதனால் உடனே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். ஆனால் டாக்டர் சொன்ன தேதியில் மறுபடியும் காட்ட வேண்டும். வடியாமல் நின்று கேட்பதும் குறைந்திருந்தால், செவிப்பறையில் நெல்மணியைவிடச் சின்னதாக ஒரு குழாய் வைத்துக் காற்றோட்டம் கொடுப்பார்கள். இந்தப் பையனுக்கு மூன்று மாதம் ஆகியும் வடியவில்லை. அந்தச் சிறு சிகிச்சை செய்தார்கள். ஓசூர்ப் பயணத்தையும் அதுவரை தள்ளிப் போட்டார்கள்.

அந்த டாக்டரிடம் இவள் ஒரு கேள்வி கேட்டாளாம்: "நான் தெலுங்குல பேசலாமா?"

அவர் சிரித்துவிட்டு, "உங்களுக்கு எந்தப் பாஷையில் கொஞ்ச வருமோ அதில் பேசுங்கள். நிறையப் பேசுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்" என்றாராம். அன்று இரவு தாலாட்டுச் சத்தம் நாலு வீடு தாண்டி எனக்குக் கேட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

உங்கள் வீட்டுக் குழந்தையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறந்த சில வாரங்களில் திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிட வேண்டும். ஆறு மாதத்துக்குள் சத்தம் வரும் பக்கம் தலை திருப்ப வேண்டும். ஒரு வயசுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், 'பாபா', 'மாமா' என்று மழலை பேச வேண்டும். ஒன்றரை வயசில் சில சொற்களாவது வர வேண்டும். இரண்டு வயசில் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். எந்தப் பாஷையில் வந்தாலும் சரிதான்!

டி.வி.யைச் சத்தமாக வைக்கச் சொல்வது, பக்கத்தில் போய் நின்று பார்ப்பது, உங்கள் வாயையே உற்றுப் பார்ப்பது, முன்பு வந்த சொற்கள் மறைந்து போவது, இவற்றில் எது இருந்தாலும் காதைப் பரிசோதித்துவிடுங்கள். 'இன்னும் ஆறு மாசம் பார்க்கலாம்' வேண்டாம்.

வாட்சை வைத்துப் பார்த்தது ஒரு தற்செயல். அதைப் பரீட்சையாக நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து டாக்டர்கள் அப்படிப் பார்த்ததுண்டு. ஆனால் 'டிக் டிக்' கேட்கிற குழந்தைக்கும் பேச்சுச் சத்தம் சரியாகக் கேட்காமல் இருக்கலாம். அதனால் 'எங்கள் குழந்தைக்கு வாட்ச் சத்தம் கேட்கிறது, கவலை இல்லை' என்று உட்கார்ந்துவிடக் கூடாது. இப்போது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தூங்கும்போதே வலி இல்லாமல் சில நிமிஷங்களில் காதைச் சோதிக்கக் கருவிகள் வந்துவிட்டன.

ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில் குறை இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் நிபுணர்கள் சொல்லும் கணக்கு. அப்படிக் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகளைப் பேச வைத்துவிட முடியும். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டறிவதற்கென்று தனி மையம் உண்டு. அங்கன்வாடியில் கேட்டால் வழி சொல்வார்கள். காசில்லையே என்று தயங்க வேண்டாம்.

சில 'வேண்டாம்'களும் உண்டு. காதில் எண்ணெய் வேண்டாம். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சியதும் வேண்டாம். ஹேர்ப்பின், தீக்குச்சி, பஞ்சுக் குச்சி எதுவும் உள்ளே போகக் கூடாது. படுக்க வைத்தபடி பாட்டில் பால் கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை கூடவே கூடாது. இந்த இரண்டும் குழந்தைக்கு அடிக்கடி காது நோவு வரக் காரணமாகின்றன. கடைசியில் சொன்னதை வீட்டு ஐயாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்!

வாட்சைப் பற்றி ஓர் எச்சரிக்கை

வாட்ச் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது வாட்ச், ரிமோட், பொம்மை, எடை பார்க்கும் மெஷின் எல்லாவற்றிலும் பொத்தான் மாதிரி ஒரு பாட்டரி இருக்கிறது. பளபளவென்று இருப்பதால் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்கின்றன. அது உணவுக் குழாயில் சிக்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். உயிருக்கே ஆபத்து! பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும் லிதியம் பாட்டரிதான் மிகவும் பொல்லாதது.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம், சோறு எதுவும் கொடுக்காதீர்கள். ஒரு வயசு தாண்டிய குழந்தை, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்றால், போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் தேடுகிறேன் என்று நேரத்தைக் கடத்தவும் வேண்டாம். ஒரு வயசுக்குள் இருந்தால் தேனே கூடாது. மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரந்தான். சொட்டு மருந்து ஊற்றாமல் டாக்டரிடம் கொண்டு போங்கள். பழைய பாட்டரியை டிராயரில் போட்டு வைக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வைத்து அப்புறப்படுத்துங்கள்.

மூன்று தண்ணீர்

போன வாரம் ஓசூரில் இருந்து போன் வந்தது.

"மாமி, எப்படி இருக்கீங்க? இவன் உங்ககிட்ட பேசணுங்கறான்!"

கொஞ்சம் நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "மாமி... டிக் டிக்!" என்றானே பார்க்கலாம்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தண்ணீர் என்றதும் நினைவு வருகிறது. பாட்டியிடம் 'தண்ணி' என்கிறானாம். அம்மாவிடம் 'நீள்ளு' என்கிறானாம். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாவிடம் போய் 'நீரு' என்று கேட்டு வாங்கிக் குடிக்கிறானாம். "ஒரே தாகத்துக்கு மூணு பேர் சொல்றான் மாமி" என்று அவள் சிரித்தாள். "எங்க அத்தைகூட இப்ப அவனோட சேர்ந்து 'நீள்ளு'ங்கறாங்க!"

எங்கள் திருவானைக்காவல் அப்புத் தலம், தண்ணீருக்கு உரிய தலம். ஜம்புகேஸ்வரர் சந்நிதியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய் அகிலாண்டேஸ்வரி எதிரில் நின்றேன். அம்பாளின் உக்கிரம் தணிய ஆதிசங்கரர் சார்த்தியதாகச் சொல்லும் தாடங்கம் காதில் பளபளவென்று மின்னியது. எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற தாடங்கந்தான். அன்றைக்குப் பார்த்தபோது ஓர் எண்ணம் வந்தது.

நாம் குழந்தைக்குக் காது குத்த நாள் பார்க்கிறோம். மாமன் மடி தேடுகிறோம். எந்தத் தோடு என்று கடை கடையாக ஏறி இறங்குகிறோம். அந்தக் காது கேட்கிறதா என்று மட்டும் ஒரு நாள் பார்க்கிறோமா?

இன்றைக்கு ராத்திரி குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்போது, பின்னால் போய் மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பினால் ஒரு முத்தம் கொடுங்கள். திரும்பாவிட்டாலும் முத்தம் கொடுத்துவிட்டு, காலையில் டாக்டரிடம் கிளம்புங்கள்.

அடுத்த இதழில் கட்டாயம் எலுமிச்சங்காய்தான்!